முத்து இறங்கிய கல்

கல்லைத் தட்டிப் பார்ப்பது எப்படி, எந்த வேலைக்கு எந்த உளி, ஆய்வுக்கு அதிகாரி வந்தால் எந்தக் கோப்பு மேலே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் திருப்பணி வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவை கையேட்டில் இருக்கின்றன. அந்தக் கையேட்டின் பெரும்பகுதியை எழுதியவன் நான் என்பதால், அதில் என்ன இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இல்லாததில் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். நான் விதிகளைப் பிசகில்லாமல் ஒப்பித்து, ஒரு குடும்பத்தின் வயலைக் காயப்போட இருந்த கதை அது.

எழுபதுகளின் பிற்பாதி. உத்திரமேரூரில் கோயில் திருப்பணிக்கென்று இருந்த ஒரு சிறிய அலுவலகத்தில் நான் உதவிச் சிற்பி. சிற்பப் பள்ளியில் முதல் வகுப்பில் தேறியவன். இதை யாராவது கேட்டால் அடக்கமாகச் சொல்வேன். யாரும் கேட்காவிட்டால், சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அடக்கமாக நானே சொல்லிவிடுவேன்.

சாலவாக்கம் போகும் டவுன் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி ஏரிக்கரையோடு நடந்தால் வரும் ஒரு ஊருக்குக் கங்கையம்மன் சிலை செய்ய என்னை அனுப்பினார்கள். மழையில் கோயில் கூரை உத்திரம் விழுந்து பழைய கல் பிளந்துபோயிருந்தது. பிளந்த கல்லுக்குப் பூசை கிடையாது. அம்மனின் சக்தியைக் கலசத்துக்கு மாற்றி, அந்தக் கலசத்தைத் தர்மகர்த்தா தன் வீட்டு அறையில் வைத்திருந்தார். கோயிலைப் பிரித்துச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆனிக்குள் கும்பாபிஷேகம் முடிந்தால்தான் ஆடியில் கூழ் வார்க்க முடியும். பக்கத்திலேயே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, நானும் ஏகாம்பரமும் வேலையைத் தொடங்கினோம். ஏகாம்பரம் ராஜகுளத்துக்காரர், கல்தச்சர். வாயில் பீடி இல்லாத நேரத்தில் அங்கே கேள்வி இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு ஜெர்மன்காரரை அறிமுகப்படுத்தியாக வேண்டும். நடந்த தவறில் பாதி அவருடையது. அவர் இறந்து நெடுங்காலம் ஆகிவிட்டதால் மறுக்க மாட்டார். படிக்கும் காலத்தில் சென்னையில் ஒரு நூலகத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எடுத்தேன். பாதி படிப்பதற்குள் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். கல் உடைப்பவரின் மகன். மீசை முளைக்கும் முன்பே உளி பிடித்து, ஊர் ஊராக நடந்து வேலை கற்று, பிழைப்புக்குக் கல்லறைக் கற்களில் பூக்களும் பெயர்களும் செதுக்கிக்கொண்டிருந்தவர். பிறகு, பல தலைமுறைகளாகப் பாதியில் நின்றுபோயிருந்த ஒரு பெரிய தேவாலயத்தைக் கட்டி முடிக்கும் வேலையில் சேர்ந்தார். அங்கே கூரைக்கு அருகே, மாடங்களில் நிற்கும் புனிதர்களின் சிலைகள் அவர் பொறுப்பு. சுவரை ஒட்டி நிற்கப்போகும் அந்தச் சிலைகளின் முதுகையும், அங்கியின் மடிப்பு ஒன்று விடாமல், முகத்துக்குச் சமமாகச் செய்தாராம். இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் பதிலே சொல்லவில்லையாம்.

அந்தப் பதில் சொல்லாமை என்னை மிகவும் கவர்ந்தது. நானும் யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பதற்குத் தயாராக இருந்தேன்.

கேட்டவர் ஏகாம்பரம்.

“இன்னா சார், பின்னால போயி குந்திக்கினீங்க? மூஞ்சி வேல அப்படியே கீது.”

நான் பதில் சொல்லவில்லை.

“இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். அம்மா சொவத்துல முதுவ வெச்சிக்கினு உக்காரப்போறா. பின்னால யாரு பாக்கப்போறாங்க, பல்லியா?”

பதில் சொல்லாமல் இருப்பது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. ஜெர்மன்காரரைப் பற்றி முழுவதும் சொல்லிவிட்டேன். ஏகாம்பரம் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

“அவருக்குக் கூலி நாளுக்கா, செலைக்கா?”

“அது தெரியலை.”

“நாள் கூலியாத்தான் இருக்கும்,” என்றார்.

முகம் எந்த நிலையில் இருந்தது என்பதைச் சொல்கிறேன். கூர் உளியால் கொத்துகிற வேலை முடிந்திருந்தது. நெற்றி, கன்னம், மோவாய் எங்கும் அம்மி பொளிந்ததுபோல் சிறு சிறு குழிகள். அடுத்து, தட்டை உளியால் அவற்றை வழித்து மழமழப்பாக்க வேண்டும். கண்ணுக்கு இமைக்கோடு இட்டாயிற்று. கருவிழியைக் கடைசி நாளில், திரைக்குப் பின்னால், முறைப்படி இடுவோம். அதுவரை அது சிலை அல்ல, கல். இப்படியொரு முகத்தை ஊரைப் பார்க்க விட்டுவிட்டு, நான் பின்பக்கம் உட்கார்ந்து அம்மனின் பின்னலுக்குக் குஞ்சலம் செதுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து ஊரில் அம்மை வந்தது. கொப்புளத்தை அந்தப் பக்கத்தில் முத்து என்பார்கள். முத்து போட்ட வீட்டார் மற்றவர் வீட்டுக்குள் போகமாட்டார்கள். பச்சையம்மாள் என்று ஒரு பெண். கணவனும் அவளுமாக ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் குத்தகை நிலம் பயிரிட்டுவந்தார்கள். அவளுடைய மகளுக்கு உடம்பு முழுவதும் முத்து. வேண்டிக்கொள்ளக் கோயில் இல்லை. கலசம் இருப்பது தர்மகர்த்தா வீட்டில், அங்கே அவள் நுழைய முடியாது. நாங்கள் பகல் சாப்பாட்டுக்கு ஏரிக்கரைப் பக்கம் போயிருந்தபோது, அவள் கொட்டகைக்குள் எட்டிப்பார்த்திருக்கிறாள். முகமெல்லாம் முத்துப் போட்டுக்கொண்டு அம்மன் உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது கல் தலையிலிருந்து பீடம்வரை மஞ்சளாக இருந்தது. கழுத்தில் வேப்பிலை மாலை. முன்னால் கற்பூரம் எரிந்த கறுப்பு.

உடனே கழுவிவிட்டு, கொட்டகைக்கு ஒரு படல் கட்டியிருக்க வேண்டும். கையேட்டில் இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அன்று நான் செய்தது வேறு. என் சிலையை இவ்வளவு சீக்கிரம் யாரும் கும்பிட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சில நாளில் பச்சையம்மாளின் பெண்ணுக்கு முத்து இறங்கி, எழுந்து உட்கார்ந்து பழையது கேட்டதாம். அதன்பிறகு முத்து போட்ட வீட்டுப் பெண்கள் எல்லாரும் மஞ்சள் தண்ணீரோடு வந்தார்கள். அவர்கள் முன்பக்கம், நான் பின்பக்கம்.

“சார், முன்னால பூச நடந்துகினு கீது. நீங்க பின்னால தட்டிக்கினே கீறீங்க,” என்றார் ஏகாம்பரம். “அம்மாவுக்கு முதுவு வலி வந்துடப்போவுது.”

ஒருவழியாக முதுகை முடித்தேன். ஜெர்மன்காரர் பார்த்தால் பொறாமைப்படுவார் என்று தோன்றியது. தட்டை உளியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தேன். பச்சையம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு எனக்கும் கல்லுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“எங்க போற?”

“முகத்தை முடிக்கணும்மா.”

“முத்து போட்டவ மூஞ்சியில உளி வெப்பியா நீ? உன் வூட்டுல யாருக்காச்சும் முத்து போட்டா இப்படித்தான் செதுக்குவியா?”

மற்றப் பெண்களும் எழுந்து நின்றார்கள். யாரோ போய்த் தர்மகர்த்தாவை அழைத்துவந்தார். அவருக்கு ஏற்கெனவே மனவருத்தம். ஊரின் சக்தி முழுவதும் அவர் வீட்டுக் கலசத்தில் இருக்கும்போது, கூட்டம் என்னவோ கொட்டகையில்தான் இருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஊர் கேட்கும்படி என்னிடம் கேட்டார்.

“சாரே, நீங்க படிச்சவரு. இதுக்கு சாஸ்திரம் இன்னா சொல்லுது?”

என் வாழ்க்கையில் நான் காத்திருந்த கேள்வி இது. தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். “முடிவுபெறாத சிலைக்குப் பூசை செய்யக் கூடாது,” என்றேன். தலையாட்டினார்கள். உற்சாகம் வந்துவிட்டது. “பூசை நடந்துவிட்ட சிலைமேல் உளி படக் கூடாது,” என்றும் சொன்னேன்.

இரண்டும் சரியான விதிகள். தனித்தனியாக இருக்கும்வரை எந்தத் தொந்தரவும் இல்லை. சேர்த்துச் சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே விளங்கியது. தர்மகர்த்தாவுக்கு என்னைவிடச் சற்று முன்னதாகவே விளங்கிவிட்டது.

“அப்போ இத வெச்சிக் கும்புடவும் முடியாது, செதுக்கவும் முடியாது. கல்லு வீணு. ஆடிக்குக் கூழு இல்ல.” திரும்பினார். “மொதல்ல தண்ணி ஊத்தினது யாரு?”

எல்லாரும் பச்சையம்மாளைப் பார்த்தார்கள்.

“நான்தான் ஊத்தினேன்,” என்றாள். “கோயிலு இருந்தா நான் ஏன் இங்க வரேன்?”

“ஊரு அம்மன வீணாக்கினவ வூட்டுக்கு ஊருல ஒண்ணும் கெடையாது. கோயில்ல பொங்க வெக்கக் கூடாது. ஏரித் தண்ணி மொறையும் கெடையாது.”

அப்போது வயலில் சொர்ணவாரிப் பட்டத்து நெல் கதிர் வாங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் ஏரித் தண்ணீர் முறை போனால் மிஞ்சுவது வைக்கோல்தான். அவள் கணவன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டான். அவ்வளவுதான் அவனால் செய்ய முடிந்தது.

விதியைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் கேட்கிறவர் அதை வாங்கி யார்மேல் எறியப்போகிறார் என்பதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை. எறிந்த பிறகு, அதைத் திருப்பி வாங்க இன்னொரு விதியை எடுத்தேன். படித்தவர்களுக்கு இருக்கும் வியாதி இது.

“ஒரு நிமிஷம். கண் திறக்கிறவரைக்கும் அது சிலையே இல்லை, வெறும் கல். அதனால் இந்தம்மா செய்தது பூசையே இல்லை. ஒரு கல்லைக் கழுவியிருக்காங்க, அவ்வளவுதான்.”

தர்மகர்த்தா யோசித்தார். அவருக்கு இது பிடித்திருந்தது. கலசத்தின் கௌரவமும் மீண்டுவிடும். நான் பெருமையோடு பச்சையம்மாளைப் பார்த்தேன், நன்றி சொல்வாள் என்று.

“கல்லா?” என்றாள். “எம்பொண்ணு எழுந்து உக்காந்தது கல்லாலயா? அம்மா பாத்துக்கினு கீறா. நான் தண்ணி ஊத்தறப்போ என்னத்தான் பாத்தா. இவரு வந்து இன்னும் கண்ணே தொறக்கலன்றாரு.”

“தோ பாருமா, அவரு உன்னக் காப்பாத்தத்தான் சொல்றாரு,” என்று ஏகாம்பரம் இடையில் புகுந்தார்.

“தண்ணி மொறைய நிறுத்தினா நிறுத்திக்கட்டும். கல்லுன்னு சொல்லாத.”

அவளுக்காகச் சொன்ன விதியை அவளே ஏற்கமாட்டேன் என்கிறாள். பெண்கள் இப்போது மூன்று பக்கமும் கல்லைச் சூழ்ந்துகொண்டார்கள். நாலாவது பக்கம் என் முதுகு வேலை. அதைக் காக்க யாரும் வரவில்லை. தர்மகர்த்தா என்னைப் பார்த்தார். அடுத்த விதி என்ன என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. என்னிடம் இருப்பு தீர்ந்துவிட்டது. பணியில் சேர்ந்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை. மூடிக்கொண்டதால், மற்றவர்கள் பேசியது காதில் விழுந்தது.

“முத்தோடவே கொண்டுபோயி கோயில்ல வெப்பியா?” என்று தர்மகர்த்தா அவளைக் கேட்டார். “முத்து போட்ட அம்மனுக்குக் கும்பாபிஷேகமா? எந்த ஊருல கீது இந்த நாயம்?”

“முத்தோட எதுக்கு வெக்கணும்? எறங்கட்டும், அப்புறம் வெய்யி.”

“எப்படி எறங்கும்?”

“எல்லாருக்கும் எப்படி எறங்குது? தலைக்குத் தண்ணி ஊத்தி, மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சித் தேச்சிவுட்டாத்தான் எறங்கும்.”

தேய்த்துவிட்டால். நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருங்கல்லை உளியால்தான் வழிக்க வேண்டும் என்பதில்லை. சாணைக்கல் துண்டும் மணலும் தண்ணீரும் இருந்தால் தேய்த்தே குழியைப் போக்கலாம். யாரும் அப்படிச் செய்வதில்லை, ஏனென்றால் கை ஒடிந்துவிடும். இங்கே கைக்குப் பஞ்சமில்லை.

ஆனால் தர்மகர்த்தா சாஸ்திரம் கேட்டிருக்கிறார். ஒரு பெண் சொன்னாள் என்பதற்காக அவர் இறங்கிவந்ததாக ஊர் பேசக் கூடாது. அவர் ஏறி உட்கார ஒரு சாஸ்திரப் பெயர் வேண்டும்.

“உளி படக் கூடாது என்றுதான் சொன்னேன்,” என்றேன். “பிரதிஷ்டைக்கு முன்னால் முகமார்ஜனம் என்று ஒன்று உண்டு. ஊர்ச் சுமங்கலிகள் சேர்ந்து தேவியின் முகத்தைத் தேய்த்து நீராட்டுவது. முதலில் தொடங்கியவர் கையாலேயே அது முடிய வேண்டும். அவரை விலக்கி வைத்தால் பலன் போய்விடும்.”

“முகமார்ஜனம்,” என்று தர்மகர்த்தா மெதுவாகச் சொல்லிப்பார்த்தார். அந்தச் சொல்லின் கனம் அவருக்குத் திருப்தியாக இருந்தது. “அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சாரே? ஊர இப்படி பேஜார் பண்றீங்களே.”

கூட்டம் கலைந்த பிறகு ஏகாம்பரம் என் பக்கத்தில் வந்தார். “இன்னா சார் அது? நான் கேள்விப்பட்டதே இல்ல.”

“நானும்தான்,” என்றேன்.

அன்று பிற்பகலே காஞ்சிபுரம் போய்ச் சாணைக்கல் வாங்கிவந்தோம். அடுத்த நாள் காலையிலிருந்து கொட்டகையில் எனக்கு வேலை இல்லை. நாற்று நடும் பெண்களைப்போல் வரிசை வைத்துக்கொண்டு, முறைபோட்டுத் தேய்த்தார்கள். மஞ்சளும் மணலும் வேப்பிலைச் சாறும் கலந்து கல்லிலிருந்து ஒழுகின. தர்மகர்த்தாவின் மனைவி, முதல் நாள் வேடிக்கை பார்க்க வந்தவள், மறுநாள் தன் பங்குக்கு ஒரு சாணைக்கல் துண்டு கேட்டு வாங்கிக்கொண்டாள். “பாத்து, பாத்து, மூக்கு தேஞ்சிடப்போவுது,” என்று ஏகாம்பரம் நாள் முழுவதும் கத்திக்கொண்டிருந்தார். “உம் மூக்கப் பாத்துக்கோ நைனா,” என்று பதில் வந்தது. எல்லாரும் வலது கையால் தேய்த்ததால் ஒரு பக்கக் கன்னம் மற்றதைவிடக் கொஞ்சம் வழிந்துபோனது. எந்த அளவு நூலுக்கும் பொருந்தாத முகம். நான் அளந்து பார்த்தேன், பிறகு நூலைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

முத்து இறங்கியது. பச்சையம்மாளின் வயலுக்கு அவள் முறையில் தண்ணீர் பாய்ந்தது.

மீதி இருந்தது கண். கண் திறக்கும் நாளில் சிலையைச் சுற்றித் திரை கட்டுவார்கள். உள்ளே சிற்பி மட்டும் போவான். பொன் ஊசியால் கண்ணைத் தொடுவது சடங்கு. தொடுவதற்கு முன்னால் சின்ன உளியால் கருவிழியை வெட்டிவிடுவது வேலை. வெளியே பம்பையும் மேளமும் உச்சத்தில் அடிப்பார்கள். உளிச் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்குத்தான் அது. கருவிழி இல்லாத சிலைக்குப் பிரதிஷ்டை இல்லை என்பது, அன்று நான் ஒப்பிக்காமல் விட்ட இன்னொரு விதி.

திரைக்குள் போகுமுன் பச்சையம்மாள் வழியில் நின்றிருந்தாள். தட்டில் மாவிளக்கு.

“உள்ள இன்னா பண்ணுவ?”

“கண் திறப்பேன்.”

“தொறந்துதான் கீது,” என்றாள். “நீ சும்மா போயிட்டு வா.”

உள்ளே போனேன். ஊசி கையில், உளி இடுப்பில். மேளம் காதைப் பிளந்தது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகாது. யாருக்கும் தெரியப்போவதில்லை. முறைப்படியும் நான் செய்தாக வேண்டியது அதுதான். ஆய்வுக்கு வரும் மேலதிகாரி கருவிழி எங்கே என்று கேட்டால் என் வேலைக்கே ஆபத்து வரும். முகத்தைப் பார்த்தேன். தேய்த்த கைகள் இமைக்கோட்டின் ஓரங்களையும் மழுக்கியிருந்தன. தூங்கி எழுந்தவள், யார் எழுப்பியது என்று பார்ப்பதுபோல் இருந்தது. ஊசியால் அழுத்தாமல் தொட்டேன், ஒரு கண், மறு கண். உளியை எடுக்கவில்லை. துணிவால் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த முகத்தில் எங்கே வெட்டினாலும் அது என் வேலை மாதிரி தெரியும் என்று பயமாக இருந்தது.

திரை விலகியது. முதலில் கண்ணாடி காட்டினார்கள், பிறகு பசுவும் கன்றும், பிறகு ஊர். தர்மகர்த்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “இப்பதான் சாரே முழி வந்திருக்குது. நேத்து வரைக்கும் எனக்கு அப்படித் தெரியல,” என்றார். நான் தலையாட்டினேன். கண் திறப்பு முறைப்படி நடந்தது என்று அலுவலகத்துக்கும் எழுதினேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி வெளிச்சம் போதாத கருவறையில் தூரத்திலிருந்து கும்பிட்டு, விபூதி பூசிக்கொண்டு, கையெழுத்திட்டுவிட்டுப் போனார்.

ஆனால் அன்றே எனக்கு ஓர் ஆய்வு நடந்துவிட்டது. கூட்டம் கருவறையை நெருக்கிக்கொண்டிருந்தபோது, பச்சையம்மாள் அதில் சேராமல் நேராக என்னிடம் வந்தாள்.

“கையக் காட்டு.”

காட்டினேன்.

“ரெண்டும்.”

இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தேன். கல் வெட்டியவன் கையில் வெள்ளைத் தூசி இருக்கும். நகக்கண்ணில், ரேகையில், எங்கேயாவது. துடைத்தாலும் உடனே போகாது. அவள் குனிந்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். திருப்பிப் புறங்கையைப் பார்த்தாள். என் நகங்களை அவ்வளவு கவனமாக என் தாயார்கூடப் பார்த்ததில்லை. மஞ்சள் மட்டும்தான் இருந்தது.

பிறகு மாவிளக்கை உடைத்து, என் உள்ளங்கையில் ஒரு துண்டு வைத்தாள்.

“வெல்லம் கொஞ்சம் கம்மி,” என்றாள். “துன்னு.”